ஒரே ஓட்டத்தில் வாழும் புல்: தினை, கம்பு, பனிவரகை அழகுக்காக வளர்க்க

நர்சரியில் அலங்காரப் புல் கேட்டால் பெரும்பாலும் கத்தரிப்பூ நிறத்தில் வளைந்து நிற்கும் பென்னிசெட்டம் தொட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் செத்துப்போவதால் அங்கே அதை ஓராண்டுச் செடியாக விற்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அது பல ஆண்டு நிற்கும். நல்ல செடிதான், ஆனால் இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை. விதைத்த நாளிலிருந்து இரண்டரை, மூன்று மாதத்தில் கதிர் தள்ளி, காய்ந்து, முடிந்துபோகிற உண்மையான ஓராண்டுப் புற்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவற்றில் அழகானவை பல நம் வயல்களிலேயே இருக்கின்றன.

முதலில் இந்தச் செடிகளின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டுப் புல் வேரிலும் அடித்தூரிலும் சேமித்து வைத்துக்கொள்ளும். வறட்சியில் காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். ஓராண்டுப் புல்லுக்குச் சேமிப்பு கிடையாது, ஒரே ஓட்டம்தான். முதல் மூன்று வாரத்தில் பட்ட அடி கடைசி வரை தெரியும். தண்ணீர் போதாமலோ, வேர் சுருண்டோ, நிழலில் இளைத்தோ போனால் அது உயரமாக வளரக் காத்திருக்காது. செத்துப்போவதற்குள் விதை வைத்துவிட வேண்டும் என்று சாண் உயரத்திலேயே விரல் நீளக் கதிரைத் தள்ளிவிடும். கதிர் வந்த பிறகு உரம் கொட்டினாலும் செடி உயராது. “விதை சரியில்லை” என்று பலர் தூக்கிப்போடும் செடிகளில் பெரும்பாலானவை இப்படி அவசரப்பட்டுக் கதிர் விட்டவைதான்.

அதனால் இந்தப் புற்களுக்கு நாள் கணக்குதான் எல்லாம். வெளிநாட்டு விதைப் பாக்கெட்டில் “கடைசி உறைபனிக்குப் பிறகு விதைக்கவும்” என்று போட்டிருக்கும். சமவெளியில் நமக்கு உறைபனி கிடையாது. நாம் கவலைப்பட வேண்டியது மழையைப் பற்றி. கதிர் பூத்து முற்றும் நேரத்தில் அடைமழை பிடித்தால் கதிர் நனைந்து கறுத்து, பூஞ்சணம் ஏறிவிடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போல வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் இடங்களில் ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் புரட்டாசிக்குள் கதிர் அழகைப் பார்த்து அறுத்துவிடலாம். அடுத்த நல்ல நேரம் தை கடைசி முதல் மாசி வரை. பங்குனி, சித்திரை வெயிலில் கதிர் நன்றாகக் காயும், நிறமும் மங்காது. ஐப்பசியில் மட்டும் விதைக்காதீர்கள். சிறு நாற்று மண்ணோடு அடித்துப் போகும், தப்பியது ஈரத்தில் அழுகும். கோவை, பொள்ளாச்சி, தேனிப் பக்கம் வேறு சங்கடம் உண்டு. கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று நாலடிக் கம்பைப் படுக்க வைத்துவிடும். அங்கே ஆடி பிறக்கும்போது செடி முழங்கால் உயரத்தைத் தாண்டாதபடி பார்த்து, ஆனி கடைசியில் விதைப்பது நல்லது.

தினை

முதன்முதலில் வளர்ப்பவர்கள் தினையில் தொடங்குங்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் இதே செடி ‘ரெட் ஜூவல்’, ‘ஹைலேண்டர்’ என்ற பெயர்களில் அலங்காரச் செடியாகவே விலைக்கு வருகிறது. நமக்கு அந்தப் பெயர்கள் கட்டாயமில்லை. நாட்டுச் செந்தினையின் கதிர் முற்றும்போது வரும் பொன்செம்மை எந்தப் பூவுக்கும் குறைந்ததில்லை.

விதையில்தான் முதல் தவறு நடக்கிறது. மளிகைக் கடையில் கிடைப்பது உமி நீக்கிய தினை அரிசி. உமி உரிக்கும்போதே முளைக்கருவில் அடிபட்டிருக்கும். ஒன்றிரண்டு முளைத்தாலும் பயிர் சீராக வராது. உமியோடு இருக்கும் தினைதான் வேண்டும். விதைக் கடையில் இல்லையென்றால் லவ் பேர்ட்ஸ் தீவனம் விற்கும் கடையில் கேளுங்கள், முழுத் தினை கால் கிலோவே கிடைக்கும். பழைய சரக்காக இருக்கலாம் என்பதால் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி, துணி காயக் காயத் தண்ணீர் தெளித்து மூன்று நாள் வையுங்கள். 16க்கு மேல் முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். 10க்கும் குறைவு என்றால் அந்தப் பாக்கெட்டைக் குருவிகளுக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

மாடித் தோட்டத்துக்கு 15 அங்குல அகலப் பை போதும். செம்மண் இரண்டு பங்கு, அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவை அப்படியே போடாதீர்கள். அதிலுள்ள உப்பு இளம் புல்லின் நுனியைக் கருக்கிவிடும். ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை அலசிய பிறகு சேருங்கள். மண் கலவையே தெரியாத அளவு உரம் போடும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் தினையின் தண்டு நீண்டு மெலிந்து, கதிர் கனத்ததும் மொத்தமாகச் சாய்ந்துவிடும்.

தினை விதை மிகச் சிறியது, ஒரு கிராமில் 350க்கு மேல் இருக்கும். ஒரு பைக்கு 25 விதை எண்ணிப் போடுங்கள். விரலால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வட்டமாகக் கோடு கிழித்து, அதில் விதையை இட்டு, சலித்த மண்ணால் மூடிப் பூவாளியால் நனைக்க வேண்டும். மேலே அப்படியே தூவிவிட்டால் எறும்பு ஒரே இரவில் வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும். எறும்பு அதிகம் உள்ள மாடியில் பைக்குச் சற்றுத் தள்ளி இரண்டு மூன்று நாள் நொய் தூவி வையுங்கள். எறும்பின் கவனம் அங்கே போகும், அதற்குள் விதை முளைத்துவிடும்.

நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் ஊசி ஊசியாக மேலே வரும். 12 முதல் 15 நாளில் கலைத்துவிட்டு, ஒரு பைக்கு 9 அல்லது 10 செடி நிறுத்துங்கள். பலருக்கு இங்கே கை நடுங்கும். 25 செடியையும் விட்டால் 25 நோஞ்சான் கதிர், 10 நிறுத்தினால் 10 கொழுத்த கதிர். மண் தரையில் என்றால் வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம்.

தரையில் வளர்ப்பவர்களுக்குக் களை பெரிய தலைவலி. தினை நாற்றும் குதிரைவாலிக் களையின் நாற்றும் முதல் இரண்டு வாரம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பலர் தினையைப் பிடுங்கிவிட்டுக் களையை வளர்ப்பார்கள். பிரித்தறிய நிச்சயமான வழி ஒன்று உண்டு. ஒரு நாற்றைப் பிடித்து, இலை தண்டைவிட்டு விரியும் இடத்தை இரு விரலால் மெல்லப் பின்னுக்கு மடக்குங்கள். இலைப்பரப்பும் தண்டைச் சுற்றியிருக்கும் உறையும் சேருமிடம் தெரியும். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். தினையில் அந்த மடிப்பில் கண்ணிமை மயிர் போல வெண்மையான மெல்லிய முடி வரிசை ஒன்று நிற்கும். குதிரைவாலியில் அந்த இடம் துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருக்கும். கண் மங்கலானவர்கள் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாற்றில் பழகிவிட்டால் பிறகு நின்றபடியே பிரித்துவிடலாம். வரிசை பிடித்து விதைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். வரிசைக்கு வெளியே முளைப்பதெல்லாம் களை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

20ஆம் நாள் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, அடித்தண்டு மூடும்படி மண் அணைத்துவிடுங்கள். அந்த மூடிய கணுக்களிலிருந்து புது வேர் இறங்கும், செடி சாயாது. ஒரு தேக்கரண்டி மரச் சாம்பலும் தூவலாம். இதற்குப் பிறகு உரம் தேவையில்லை. தண்ணீர் விஷயத்தில், செடி வேர்பிடித்த பிறகு ஒரு நாள் வாடினாலும் தினை தாங்கும். ஆனால் கதிர் உறைக்குள் புடைத்து நிற்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் மட்டும் காய விடவே கூடாது. அப்போது வாடினால் கதிரின் மேல் பாதி வெளுத்து மொட்டையாக வரும்.

45 முதல் 50 நாளில் கதிர் வெளியே வரும். முதலில் நேராக நிற்கும், பால் பிடித்து மணி கனக்கக் கனக்கத்தான் வளையும். 65, 70 நாளில் நரி வால் போலத் தொங்கும். அந்த வளைவுதான் தினையின் அழகு. எல்லாக் கதிரும் கடைசி வரை நேராகவே நின்றால் மணி பிடிக்கவில்லை, அல்லது குருவி கொத்திவிட்டது என்று பொருள். சில்லைக் குருவியும் கிளியும் வரத்தான் செய்யும். தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதையே ஒரு காதல் காட்சியாகப் பாடிய மொழி நம்முடையது. முழுப் பையையும் வலை போட்டு மூடினால் எதைப் பார்ப்பதற்கு வளர்த்தோம்? விதைக்கு வேண்டிய இரண்டு மூன்று கதிருக்கு மட்டும் மெல்லிய வலைத்துணிப் பை மாட்டுங்கள், மீதியைக் குருவிக்கு விடுங்கள். கதிரில் தொங்கியபடி சில்லை கொத்துவதும் தோட்டத்தின் அழகுதான்.

கத்தரிப்பூ நிறக் கம்பு

இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது ‘பர்ப்பிள் மெஜஸ்டி’ என்ற கம்பு. 2003இல் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் அமைப்பின் தங்கப் பதக்கம் பெற்றது. கம்பு என்றால் தானியம் என்று மட்டுமே நினைத்திருந்த தோட்டக்காரர்களை அது திரும்பிப் பார்க்க வைத்தது. நாலைந்து அடி உயரம், கருஞ்சிவப்பு இலை, சாணுக்கு மேல் நீண்ட கருத்த கதிர். ‘ஜெஸ்டர்’ இளமையில் பச்சை மஞ்சளாகத் தொடங்கிச் செம்பழுப்பாகும். ‘ஜேட் பிரின்சஸ்’ குள்ளம், எலுமிச்சைப் பச்சை இலையும் கருங்கதிருமாக வரும். விதை ஆன்லைனில் கிடைக்கிறது, விலை அதிகம். சாதாரணப் பச்சைக் கம்பையும் இதே முறையில் அழகுக்கு வளர்க்கலாம். மளிகைக் கடையில் தீட்டாத கம்பாகப் பார்த்து வாங்கி, தினைக்குச் சொன்ன ஈரத்துணிச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

கம்பை நாற்றுவிட்டு நடுவதானால் 98 குழித் தட்டு வேண்டாம், 50 குழித் தட்டு எடுங்கள். விதை மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். நாலு இலை வந்ததும், அதாவது 12 முதல் 15 நாளுக்குள், எடுத்து நட்டுவிட வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வந்து 25ஆம் நாள் நட்டால் வேர் குழிக்குள் சுருண்டு, அடியில் வெள்ளைப் பந்தாகத் தெரியும். அந்த நாற்று இனித் தேறாது. இடுப்பளவுகூட வளராமல் பென்சில் போலக் கதிர் விட்டு முடியும். நர்சரியில் சின்னத் தொட்டியில் கதிரோடு விற்கும் கம்பை வாங்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். எனக்கு நாற்றைவிட நேரடி விதைப்பில்தான் நம்பிக்கை. பைக்கு மூன்று விதை, இரண்டு சென்டிமீட்டர் ஆழம். பத்தாம் நாள் நல்லதாக ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். 15 அங்குலப் பைக்கு ஒரு செடி, 18 அங்குலத்துக்கு மூன்று. தரையில் 35 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

விதைத்த இரண்டாம் வாரம் எல்லோருக்கும் ஒரு பயம் வரும்: நாற்று பச்சையாக இருக்கிறதே, ஏமாந்துவிட்டோமோ? இல்லை. நிறம் வெயிலில்தான் ஏறும். முதலில் அடித்தண்டும் இலையின் நடு நரம்பும் சிவக்கும், பிறகு அடுத்தடுத்து வரும் இலைகள் கறுக்கும். தினமும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில் வேண்டும். நிழல் வலைக்கு அடியில் வைத்தால் கடைசி வரை பச்சையும் பழுப்பும் கலந்த அழுக்கு நிறத்திலேயே நிற்கும். மாடியில் கீரைக்குக் கட்டிய வலையின் கீழ் இதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கதிர் வெளிவந்ததும் ஐந்தாறு நாள் தினமும் காலையில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முதலில் கதிர் வெல்வெட் போல வழவழப்பாக இருக்கும். ஓரிரு நாளில் நுனியிலிருந்து கீழ்நோக்கி, பஞ்சு ஒட்டியதுபோல மெல்லிய இழைகள் கிளம்பும். அவை சூல்முடிகள். கம்பில் பெண் பகுதிதான் முதலில் விழிக்கும். அந்த இழைகள் வாடத் தொடங்கிய பிறகு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். கருங்கதிர் முழுக்க மஞ்சள் பொடி பூசியதுபோல இருக்கும், தட்டினால் புகையாகப் பறக்கும். பூங்கொத்துக்கு வெட்டுவதானால் மஞ்சள் வருவதற்கு முன், வெல்வெட்டாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். பிறகு வெட்டினால் மேசை முழுக்க மகரந்தம் கொட்டும், கதிரின் கருமையும் மங்கும்.

இந்த முன்பின் விழிப்பால் கம்பு பெரும்பாலும் அயல் மகரந்தத்தில் விதை பிடிக்கும். பக்கத்துக் காட்டில் பச்சைக் கம்பு இருந்தால் காற்றிலேயே கலந்துவிடும். போதாததற்குப் பதக்கம் வாங்கிய ரகம் வீரிய ஒட்டு. அதன் விதையை எடுத்து வைத்து விதைத்தால் பச்சையும் கருப்பும் குட்டையும் நெட்டையுமாகப் பிரிந்து வரும். விருப்பமிருந்தால் போட்டு, அடித்தண்டு சிவக்காதவற்றை இளசிலேயே கழித்துவிடலாம். ஒரே சீரான வரிசை வேண்டுமென்றால் புது விதைதான் வாங்க வேண்டும். தினை அப்படியில்லை, தன் மகரந்தத்திலேயே பெரும்பாலும் விதை பிடிப்பதால் எடுத்து வைத்த விதை தாய்ச் செடி போலவே வரும்.

கம்பில் வரும் கோளாறுகளில் மூன்றைக் கவனியுங்கள். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் குருத்து ஈ. முளைத்த முதல் மாதத்தில் வரும். அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். கதிர் இருக்க வேண்டிய இடத்தில் இலைக் கொத்தாகச் சுருண்டு வந்தால் அடிச்சாம்பல் நோய். அதற்கு வைத்தியமில்லை, பையோடு அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணில் மறுபடி கம்பு போடாதீர்கள். கதிரிலிருந்து தேன் போலப் பிசுபிசுப்பாக வடிந்தால் தேன் ஒழுகல் நோய். பூக்கும்போது மேகமூட்டமும் தூறலும் இருந்தால் வரும். அதில் உருவாகும் கருப்பு நிறப் பூஞ்சைக் கட்டிகள் நஞ்சு. அந்தக் கதிரை ஆட்டுக்கோ கோழிக்கோ போடக் கூடாது. விதை நேர்த்திக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பு கரைத்து விதையைக் கொட்டினால் பூஞ்சைக் கட்டியும் பதரும் மிதக்கும். அவற்றை அரித்து எடுத்துவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழுவும் மக்காச்சோளம் கிடைக்காதபோது கம்புக்கும் சோளத்துக்கும் வரும். குருத்தில் மரத்தூள் போல எச்சம் தெரியும். நாலைந்து செடிக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை. புழுவைக் கையால் எடுத்து நசுக்கிவிட்டு, குருத்துக்குள் ஒரு சிட்டிகை உலர்ந்த மணலும் சாம்பலும் போடுங்கள்.

மற்றவை

பனிவரகை அழகுச் செடியாக யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும், தண்ணீர் மிகக் குறைவாகக் கேட்கும். இதன் கதிர் தினை போலக் கெட்டியாக இருக்காது. விளக்குமாறு விரிந்ததுபோலத் தளர்ந்து ஒரு பக்கமாகச் சாயும். காற்றடித்தால் மொத்தப் பாத்தியும் அலைபோல நகரும். தனிச் செடியாக எடுபடாது, நெருக்கமாகப் போட வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு ஒரு செடி கூடப் பரவாயில்லை.

சோளத்தில் துடைப்பச் சோளமும் கருமணிச் சோளமும் வேலியோரத்துக்குக் கம்பீரமாக இருக்கும். ஆறேழு அடிக்கு மேல் போகும், 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆடு, மாடு வளர்க்கும் வீட்டில் எச்சரிக்கை தேவை. இளஞ்சோளத் தழையில், அதிலும் தண்ணீரில்லாமல் வாடிய தழையிலும் வெட்டிய பின் வரும் துளிரிலும், சயனைடு நஞ்சு உருவாகும். கலைத்த நாற்றை “வீணாகப் போகிறதே” என்று கன்றுக்குப் போட்டுவிடாதீர்கள்.

விதைப் பாக்கெட்டில் ஜாப்ஸ் டியர்ஸ் என்று வரும் மணிப்புல்லைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் போடச் சொல்வேன். மக்காச்சோளம் போன்ற அகல இலை, மூன்று நாலடி உயரம். அதன் கணுக்களில் கண்ணீர்த் துளி வடிவில் மணிகள் கொத்தாகத் தொங்கும். முதலில் பச்சை, பிறகு வெள்ளை, சாம்பல், சிலவற்றில் கருப்பு, மேலே பீங்கான் பளபளப்பு. அந்த மணி விதையல்ல, விதையைச் சுற்றிக் கல்லாக இறுகிய உறை. பூவின் காம்பும் சூல்முடியும் வெளியே வருவதற்கு மேலும் கீழும் துளை இருக்கும். முற்றிய மணியிலிருந்து காய்ந்த காம்பை உருவி எடுத்தால் ஊசி நூல் நேராகப் போகும், துளை போட வேண்டியதே இல்லை. வடகிழக்கு மாநிலப் பழங்குடி மக்கள் இதைக் கோத்து மாலையாக அணிகிறார்கள். விதையை 24 மணி நேரம் ஊறவைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். உறை கெட்டியானதால் முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், பொறுமை வேண்டும். மற்றவை போல வறட்சி தாங்காது, குழாயடி ஈரத்தில் செழிக்கும். மணி வர நாலைந்து மாதம் ஆகும் என்பதால் மாசியில் தொடங்குவது நல்லது.

படங்களில் எல்லோரையும் மயக்குவது முயல்வால் புல். நுனியில் வெள்ளைப் பஞ்சு உருண்டை. கூடவே நடுங்கு புல் என்று சொல்லத்தக்க பிரைசா, அதில் சின்னச் சின்னக் கதிர்கள் காற்றில் ஆடும். இரண்டும் மத்திய தரைக்கடல் நாட்டுப் புற்கள், குளிரில் வளர்ந்து கோடை வந்ததும் காய்பவை. சமவெளி ஆடியில் போட்டால் முளைக்கவே மறுக்கும். ஓசூர், பெங்களூரு போன்ற இடங்களில் கார்த்திகைத் தொடக்கத்தில் விதைத்தால் மாசியில் கதிர் பார்க்கலாம். மதுரையில் போட்டால் ஒரு சாண் உயரத்தில் நாலு பஞ்சு வரும், அவ்வளவுதான். விதையை ஆழமாகப் புதைக்கக் கூடாது, மேலே தூவி மணல் தூசி போட்டால் போதும். உதகை, கொடைக்கானல் வீடுகளில் பிப்ரவரி கடைசியில் விதைத்தால் மே மலர்க் கண்காட்சி சமயத்துக்குக் கதிர் நிற்கும். ஆனால் சோலைக்காட்டையும் புல்வெளியையும் ஒட்டிய தோட்டம் என்றால் தயவுசெய்து இவற்றைப் போட வேண்டாம். சீகை என்னும் வாட்டில் மரமும் ஸ்காட்ச் புரூம் என்ற வெளிநாட்டுப் புதரும் ஏறி ஏற்கெனவே அந்தப் புல்வெளி சுருங்கிவிட்டது. விதை உதிர்க்கும் வெளிநாட்டுப் புல் இன்னொன்று அங்கே நம் கையால் போகக் கூடாது.

இரண்டைச் சமவெளியிலும் வேண்டாம் என்பேன். ஒன்று, பச்சை இலையும் இளஞ்சிவப்புக் கதிருமாக விதையிலிருந்து வளரும் பென்னிசெட்டம் செட்டேசியம். ஹவாய் தீவுகளில் காட்டுத்தீக்கே காரணமாகும் அளவு பரவியது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்தது. நர்சரியில் கிடைக்கும் கருஞ்சிவப்பு இலை வகை விதை பிடிக்காது, அதைத் தூர் பிரித்துத்தான் பெருக்குவார்கள் என்பதால் அச்சமில்லை. இரண்டாவது, ஹார்டியம் ஜூபேட்டம் என்ற வால் பார்லி. பட்டு போல மின்னும் அதன் முட்கள் ஒரு பக்கமாகவே நகரும் சொரசொரப்பு உள்ளவை. நாயின் காதிலும் மூக்கிலும் விரலிடுக்கிலும் ஏறினால் பின்னால் வராது, உள்ளேதான் போகும். நாய் உள்ள வீட்டில் நிச்சயம் கூடாது.

எங்கே வைப்பது

புல்லுக்கு நிறத்தைவிட வெளிச்சம் படும் திசை முக்கியம். மாலையில் நீங்கள் உட்காரும் இடத்துக்கு மேற்கே வையுங்கள். சாயும் வெயில் கதிருக்குப் பின்னாலிருந்து வரும்போது தினையின் ஒவ்வொரு முடியும் ஒளிக்கோடாகத் தெரியும். அதே செடியைக் கிழக்கே வைத்தால் மாலையில் வெறும் பழுப்புக் கதிர்தான். கருங்கம்பைக் கரும்பச்சை வேலிக்கு முன் நட்டால் காணாமல் போகும். ஆரஞ்சு செண்டுமல்லிக்குப் பின்னால் நட்டால் இரண்டுமே எடுப்பாக இருக்கும். தினைக்கு முன் வாடாமல்லி பொருத்தம். மூன்று பை மூன்று மூலையில் வைப்பதைவிட மூன்றையும் ஒட்டி வைத்து ஒரே புதராகக் காட்டுங்கள்.

ஒரே நாளில் எல்லா விதையையும் போட்டுவிட வேண்டாம். 15 நாளுக்கு ஒரு பை வீதம் மூன்று தவணை போட்டால் ஒன்று காயும்போது அடுத்தது கதிர் தள்ளும்.

வெட்டுவதும் உலர்த்துவதும்

கம்பை முன்பு சொன்னபடி வெல்வெட்டாக இருக்கும்போதே வெட்டுங்கள். மற்றவற்றைக் கதிர் உறையைவிட்டு முழுவதும் வெளியே வந்து, மணி பால் பிடிக்கத் தொடங்கும்போது வெட்ட வேண்டும். மணி முற்றிய பின் வெட்டினால் உலரும்போதே உதிரும். உதிராமல் நின்ற மணியை வண்டும் அந்துப்பூச்சியும் தேடி வந்து வீட்டு அரிசி வரை போகும். பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது மணிவாக்கில் நீளக் காம்போடு வெட்டி, கீழ் இலைகளை உருவிவிடுங்கள். பத்து, பன்னிரண்டு கதிருக்கு ஒரு கட்டு. அதற்கு மேல் சேர்த்தால் நடுவில் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கட்டுவதற்கு நூலைவிட ரப்பர் பேண்ட் நல்லது, காம்பு காய்ந்து சுருங்கும்போது அதுவும் இறுகும், கதிர் நழுவாது. வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் நிறம் வைக்கோலாகிவிடும். உள்மாவட்டங்களில் இரண்டு வாரம் போதும். கடலோர ஊர்களில் மின்விசிறிக்கு அடியில் மூன்று வாரம் வையுங்கள். காம்பை வளைத்தால் மடங்காமல் ‘டக்’கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. தினையை வளைந்த வாக்கிலேயே உலர்த்த விரும்பினால் தலைகீழாக வேண்டாம், காலிக் குவளையில் நிறுத்தி வையுங்கள்.

விதைக்கு விட்ட வலைப்பைக் கதிர்கள் மட்டும் செடியிலேயே முழுக்க முற்றட்டும். காம்பு மஞ்சளானதும் அறுத்து, கையால் கசக்கிப் புடைத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து கண்ணாடிப் பாட்டிலில் போட்டு விதைத்த மாதத்தை எழுதி ஒட்டிவிடுங்கள். மீதியிருக்கும் செடியைப் பிடுங்க வேண்டாம். தரையோடு அறுத்து, அறுத்த தண்டைத் துண்டாக்கி அதே பைக்கு மூடாக்காகப் போட்டு, அடுத்ததாகத் தட்டைப்பயறோ அவரையோ ஊன்றுங்கள். வேர் மண்ணுக்குள்ளேயே மக்கும், பயறு வேர் அந்தத் தடத்திலேயே இறங்கும்.